#ரெப்! – மறைக்காதீர்கள், படியுங்கள்

எக்செல் பைலைத் திறக்கிறீர்கள். நேற்று வரை கூட்டுத் தொகை காட்டிய செல்லில் இன்று #ரெப்! என்று நிற்கிறது. கீழே உள்ள செல்லிலும் அதுவே. அடுத்த ஒர்க் ஷீட்டிற்குச் சென்றால் அங்கும் ஒரு நெட்டு வரிசை முழுவதும் #ரெப்!, #ரெப்! என்று வரிசையாக நிற்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பயந்து போகிறார்கள். வைரஸ் வந்துவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு.

விவரம் அறிந்த நண்பர் யாரையாவது கேட்டால், பெரும்பாலும் ஒரு சுருக்கு வழி சொல்லித் தருவார். "பார்முலாவைச் சுற்றி இப்எரர் போட்டு, பிழை வந்தால் 0 காட்டச் சொல்லுங்கள், எல்லாம் மறைந்துவிடும்" என்பார். அவர் சொன்னபடியே மறைந்தும் விடும். பிரிண்ட் எடுத்தால் தாள் பளிச்சென்று இருக்கும்.

இந்தச் சுருக்கு வழி வேண்டாம் என்று சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை. எக்செல் காட்டும் பிழைச் செய்திகளில் #ரெப்! மிகவும் நேர்மையானது. "நீ சொன்ன இடத்தைத் தேடினேன், அந்த இடமே இல்லை, எனவே விடை சொல்ல மாட்டேன்" என்பதுதான் அதன் பொருள். நாம் அஞ்ச வேண்டியது இதற்கு அல்ல; தவறான எண்ணைச் சரியானது போலக் காட்டிவிட்டு அமைதியாக இருக்கும் செல்லுக்குத்தான். #ரெப்! வந்த இடத்தில் 0 போட்டு மூடினால், முதல் வகைப் பிழையை இரண்டாம் வகைப் பிழையாக நாமே மாற்றிவிடுகிறோம்.

கொல்லிமலையில் ஒரு கணக்கு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை வாசகர்கள் பலரும் அறிந்திருப்பீர்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செல்ல வேண்டிய ஊர். மிளகு, காபி, பலா, அன்னாசி ஆகியவற்றோடு சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு போன்ற சிறுதானியங்களும் இங்கு விளைகின்றன. மரவள்ளி பரவியதால் சுருங்கிப்போன சிறுதானியச் சாகுபடியைக் காக்க, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கு பணியாற்றியது. விளைந்ததைத் தனித்தனியாகக் கொண்டு சென்று விற்பதைவிட, குழுவாகச் சேர்த்து விற்றால் விலையும் கிடைக்கும், வண்டிச் செலவும் குறையும். அப்படிக் குழுவாக விற்றால் கணக்கும் வேண்டும். இன்று அந்தக் கணக்கு பல இடங்களில் எக்செல்லில்தான் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, 40 உறுப்பினர்கள் உள்ள ஒரு குழுவின் ஒர்க்புக்கைக் கற்பனை செய்து கொள்வோம். அதில் நான்கு ஒர்க் ஷீட்கள். "விலை" என்ற ஷீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் கிலோ விலை. "கொள்முதல்" ஷீட்டில் யார், எந்தப் பொருளை, எத்தனை கிலோ கொண்டு வந்தார் என்ற விவரம். "தொகுப்பு" ஷீட்டில் பொருள் வாரியாக மொத்த மதிப்பு. "பட்டுவாடா" ஷீட்டில் ஒவ்வொருவருக்கும் சேர வேண்டிய தொகை. வண்டி வாடகை 3,000 ரூபாய் என்றால், அதை அவரவர் சரக்கின் மதிப்பிற்கு ஏற்பப் பிரித்துக் கழித்துக்கொள்வது இந்தக் குழுவின் வழக்கம்.

இந்தப் பருவத்தில் யாரும் பனிவரகு கொண்டு வரவில்லை. கணக்கு எழுதுபவர் "விலை" ஷீட்டில் பனிவரகு இருந்த ஐந்தாவது படுக்கை வரிசையைத் தேர்ந்தெடுத்து நீக்கிவிடுகிறார். சரக்கே வராத பொருள்தானே, என்ன ஆகிவிடும்?

"தொகுப்பு" ஷீட்டில் பனிவரகிற்கான பார்முலா, விலை!சி5 என்ற செல்லைப் பார்த்துக் கொண்டிருந்தது. அந்த செல் இப்போது இல்லை. எனவே அங்கு #ரெப்! வருகிறது. அதைச் சேர்த்துக் கூட்டும் மொத்த மதிப்பிலும் #ரெப்! வருகிறது. மொத்த மதிப்பால் வகுத்துத்தான் வண்டி வாடகைப் பங்கு கணக்கிடப்படுகிறது; எனவே 40 உறுப்பினர்களின் பங்கிலும் #ரெப்!. பங்கைக் கழித்துத்தான் கைக்குச் சேரும் தொகை வரும். எனவே அந்த நெட்டு வரிசை முழுவதிலும் #ரெப்!. ஒரு கிலோ கூட வராத பனிவரகு, 40 பேரின் கணக்கையும் நிறுத்திவிட்டது.

வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். எக்செல்லில் ஒரு செல்லின் பிழை பாயும் விதமும் அப்படித்தான். திரையில் எண்பது #ரெப்! தெரிந்தாலும் அம்பு ஒன்றுதான். அது எங்கிருந்து புறப்பட்டது என்று கண்டுபிடித்தால் போதும்.

இப்போது நண்பர் சொன்ன இப்எரர் வழியைப் பின்பற்றினால் என்ன ஆகும்? வண்டி வாடகைப் பங்கு இருக்கும் நெட்டு வரிசையில் #ரெப்! மறைந்து 40 பேருக்கும் 0 வரும். கழிவு 0 என்பதால் எல்லாருக்கும் முழுத் தொகை பட்டுவாடா ஆகும். 3,000 ரூபாய் வண்டி வாடகை குழுவின் கையிலிருந்து போகும். யாரும் கேட்க மாட்டார்கள்; தாளில் பிழை எதுவும் இல்லையே. மாதக் கடைசியில் ரொக்கம் குறையும்போது, கணக்கு எழுதியவர் மீதுதான் சந்தேகம் வரும். இதில் பண இழப்பு சிறிது. போன நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது பெரிது.

உடைந்த பார்முலாவே விடை சொல்லும்

#ரெப்! வந்தவுடன் முதலில் கண்ட்ரோல் + இசட் அழுத்திப் பாருங்கள். சற்று முன்பு செய்த வேலையால் வந்தது என்றால் அப்போதே சரியாகிவிடும். ஆனால் முழு ஒர்க் ஷீட்டை நீக்கியிருந்தால் பெரும்பாலான எக்செல் பதிப்புகளில் இது உதவாது. அப்போது பைலைச் சேவ் செய்யாமல் மூடி மீண்டும் திறக்கவும். ஒன்டிரைவில் உள்ள பைல் என்றால் ஆட்டோசேவ் அதை ஏற்கனவே சேமித்திருக்கும். வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய பதிப்பை எடுக்கலாம்.

பல நாட்கள் கழித்துத்தான் பார்த்தீர்கள் என்றால், பைலுக்கு முதலில் ஒரு காப்பி எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். பிறகு கண்ட்ரோல் + எப் அழுத்தவும். கிடைக்கும் பைண்ட் டயலாக் பாக்ஸில் ஆப்ஷன்ஸ் பட்டனைக் கிளிக் செய்திடவும். தேட வேண்டிய சொல்லாக #ரெப்! என்பதை (எக்செல் காட்டும் ஆங்கில எழுத்துகளிலேயே) டைப் செய்திடவும். வித்இன் என்ற இடத்தில் ஒர்க்புக் என்பதையும், லுக் இன் என்ற இடத்தில் பார்முலாஸ் என்பதையும் தேர்ந்தெடுக்கவும். பின்னர் பைண்ட் ஆல் கிளிக் செய்திடவும்.

லுக் இன் என்ற இடத்தில் வேல்யூஸ் என்று கொடுத்துத் தேடினால், பிழை தெரியும் எல்லா செல்களும் பட்டியலில் வரும். பார்முலாஸ் என்று கொடுத்துத் தேடினால், பார்முலாவிற்குள்ளேயே முகவரி உடைந்த செல்கள் மட்டுமே வரும். நம் எடுத்துக்காட்டில் முதல் தேடலில் எண்பதுக்கு மேல் வரும். இரண்டாவது தேடலில் ஒன்றே ஒன்றுதான் வரும். திருத்த வேண்டியது அந்த ஒன்றைத்தான். அதைச் சரி செய்தால் மற்றவை தாமாகவே சரியாகும்.

அந்த செல்லில் கர்சரை வைத்து, மேலே பார்முலா பாரில் தெரிவதைப் பொறுமையாகப் படியுங்கள். எதை நீக்கினோம் என்பதை உடைந்த பார்முலாவே சொல்லும். ஷீட்டின் பெயர் இருந்து செல்லின் முகவரி போயிருந்தால், அதாவது =விலை!#ரெப்! என்று இருந்தால், "விலை" ஷீட் இருக்கிறது; அதில் ஒரு வரிசை அல்லது செல் நீக்கப்பட்டிருக்கிறது. மாறாக, செல்லின் முகவரி இருந்து ஷீட்டின் பெயர் போயிருந்தால், அதாவது =#ரெப்!சி5 என்று இருந்தால், அந்த ஷீட்டே நீக்கப்பட்டுள்ளது.

முதல் வகை என்றால், நீக்கிய வரிசையை மீண்டும் சேர்த்துவிட்டு, பக்கத்தில் ஒழுங்காக இருக்கும் செல்லின் பார்முலாவைப் பார்த்து, உடைந்த இடத்தில் சரியான முகவரியை டைப் செய்திடவும். வரிசையைச் சேர்த்தால் மட்டும் பார்முலா தானாக ஒட்டிக் கொள்ளாது. இரண்டாம் வகை என்றால், பழைய காப்பியிலிருந்து அந்த ஷீட்டை ஒர்க்புக்கிற்குள் கொண்டு வந்து, அதே பெயரைக் கொடுக்கவும். பின்னர் கண்ட்ரோல் + எச் அழுத்தி, #ரெப்! என்பதற்குப் பதிலாக விலை! என்று மாற்றச் சொன்னால் எல்லாப் பார்முலாக்களும் ஒரே நேரத்தில் உயிர் பெறும். நீக்கப்பட்டது ஒரே ஒரு ஷீட்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இதைச் செய்திடவும்.

தேடலில் எதுவும் சிக்கவில்லை, ஆனால் திரையில் #ரெப்! நிற்கிறது என்றால், விலுக்கப் பார்முலாவைக் கவனியுங்கள். மூன்று நெட்டு வரிசைகள் உள்ள பட்டியலில் நான்காவது வரிசையைக் கேட்டாலும் #ரெப்! வரும். மூடியிருக்கும் வேறொரு பைலை இன்டைரக்ட் பார்முலா மூலம் படிக்கச் சொன்னாலும் வரும். பிழையுள்ள செல்லில் கர்சரை வைத்து, பார்முலாஸ் டேப்பில் எரர் செக்கிங் அருகே உள்ள சிறிய அம்புக்குறியைக் கிளிக் செய்து டிரேஸ் எரர் தேர்ந்தெடுத்தால், பிழை எங்கிருந்து வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும். கண்ட்ரோல் + எப்3 அழுத்தி நேம் மேனேஜரையும் பார்த்துவிடுங்கள். பெயர் சூட்டிய செல்களின் முகவரி உடைந்திருந்தால் அங்கு தெரியும்.

வேறு எப்படி எல்லாம் வரும்?

வரிசையை நீக்குவது மட்டுமல்ல, கட் செய்து பேஸ்ட் செய்வதும் இந்தப் பிழையைத் தரும். ஒரு பார்முலா பார்த்துக் கொண்டிருக்கும் செல்லின் மீது, வேறு ஒரு செல்லைக் கட் செய்து கொண்டு வந்து போட்டால், அந்தப் பார்முலாவின் முகவரி உடையும். காப்பி செய்து போட்டால் உடையாது. அதேபோல, தனக்கு மேலே உள்ள செல்லைப் பார்க்கும் பார்முலாவை முதல் படுக்கை வரிசைக்குக் காப்பி செய்தால், மேலே செல் இல்லாததால் #ரெப்! வரும்.

இங்கு ஒரு வேறுபாட்டைப் புதியவர்கள் மனதில் வைத்துக் கொள்ள வேண்டும். ஒரு செல்லில் கர்சரை வைத்து டெலீட் கீயை அழுத்துவது வேறு. மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் டெலீட் தேர்ந்தெடுப்பது வேறு. முதலாவது, வீட்டைக் காலி செய்வது போல. கதவு எண் அப்படியே இருக்கும். இரண்டாவது, வீட்டையே இடித்து அடுத்த வீட்டை அந்த இடத்திற்கு நகர்த்துவது போல. இரண்டாவதில் #ரெப்! வரும். முதலாவதில் எந்தப் பிழையும் வராது. பார்முலா அந்தக் காலி செல்லை 0 என்று எடுத்துக் கொண்டு கணக்கைத் தொடரும். நன்றாக யோசித்தால், சத்தம் போடாத முதலாவதுதான் அதிக ஆபத்து.

பேசாத பிழைகள்

நம் குழுவின் ஒர்க்புக்கிற்கே மீண்டும் வருவோம். மிளகு விலையை எடுக்க விலுக்கப் பார்முலாவில் "மூன்றாவது நெட்டு வரிசை" என்று எழுதி இருக்கிறது. "விலை" ஷீட்டில் முதல் வரிசை பொருள், இரண்டாவது அலகு, மூன்றாவது கிலோ விலை. ஒரு நாள் யாரோ ஒருவர், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே "சென்ற மாத விலை" என்று ஒரு நெட்டு வரிசையை நுழைக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் பார்முலாவில் உள்ள 3 என்ற எண் மாறாது. இப்போது மூன்றாவது வரிசை சென்ற மாத விலை. மிளகு இந்த மாதம் கிலோ 600 ரூபாய், சென்ற மாதம் 560 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், 18 கிலோ கொண்டு வந்தவருக்கு 10,800 ரூபாய்க்குப் பதில் 10,080 ரூபாய் வரும். 720 ரூபாய் குறைவு. #ரெப்! இல்லை, சிவப்பு எழுத்து இல்லை, எச்சரிக்கை இல்லை. எண்ணும் நம்பும்படி இருக்கிறது.

இதைப் போலவே, கொள்முதல் பட்டியலில் "சாமை" என்று எழுதும்போது கடைசியில் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக விழுந்துவிட்டால், விலைப் பட்டியலில் அந்தப் பெயர் கிடைக்காது. எக்செல் #என்/ஏ என்று காட்டும். அதை இப்எரர் கொண்டு 0 ஆக்கியிருந்தால், அந்த ஒருவருக்கு மட்டும் தொகை 0 என்று வரும். 40 பேர் பட்டியலில் ஒரு 0 யார் கண்ணில் படும்?

இன்னொன்று, வேறு பைலில் இருந்து எண்களை எடுக்கும் இணைப்பு. விலைப் பட்டியல் ஒரு பைலிலும் பட்டுவாடா வேறு பைலிலும் இருந்து, ஒன்றை மட்டும் பென் டிரைவில் எடுத்துச் சென்றால் இணைப்பு அறுந்துவிடும். ஆனால் எக்செல் கடைசியாகப் படித்த விலையைத் தன்னிடம் வைத்திருக்கும். அதையே காட்டிக் கொண்டிருக்கும். பைலைத் திறக்கும்போது "இணைப்புகளைப் புதுப்பிக்கவா?" என்று கேட்கும் செய்தியைப் படிக்காமலேயே மூடிவிடுவது பலரின் வழக்கம். அப்படி மூடினால் பழைய விலையிலேயே புதிய மாதப் பட்டுவாடா நடக்கும். டேட்டா டேப்பில் எடிட் லிங்க்ஸ் (புதிய பதிப்புகளில் ஒர்க்புக் லிங்க்ஸ்) சென்றால், எந்தப் பைலோடு இணைப்பு இருக்கிறது என்று பார்க்கலாம்; இடம் மாறியிருந்தால் சேஞ்ச் சோர்ஸ் மூலம் புதிய இடத்தைக் காட்டலாம். பிரேக் லிங்க் என்பதை அவசரப்பட்டு கிளிக் செய்ய வேண்டாம். அது பார்முலாக்களை எடுத்துவிட்டு வெறும் எண்களை வைத்துவிடும். திரும்பப் பெற முடியாது.

பெரியவர்களும் தப்பவில்லை

இதெல்லாம் சிறிய குழுக்களுக்கு வரும் பிரச்னை என்று எண்ண வேண்டாம். பெரிய நிறுவனங்களைச் சங்கடத்தில் தள்ளிய எக்செல் பிழைகளைப் பாருங்கள்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாப் இருவரும், அரசின் கடனுக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றி 2010ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பல நாடுகளில் அரசின் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் அதை மேற்கோள் காட்டினர். 2013ல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர் அவர்களின் எக்செல் பைலை வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் பார்முலா 30 முதல் 49 வரையிலான வரிசைகளை எடுப்பதற்குப் பதிலாக 44 வரை மட்டுமே எடுத்திருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை. முடிவு மாறியதற்கு இது ஒன்றே காரணம் அல்ல. வேறு காரணங்கள் இன்னும் பெரியவை. ஆனால் மூன்று ஆண்டுகள் இந்தப் பிழை யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான் நமக்குப் பாடம்.

கனடாவின் டிரான்ஸ்ஆல்ட்டா என்ற மின் நிறுவனம், 2003ல் ஒர்க் ஷீட்டில் கட் அண்ட் பேஸ்ட் செய்தபோது வரிசை மாறிப்போனதால் 2 கோடியே 40 லட்சம் டாலர் இழந்தது. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டது. பழைய எக்செல் பைல் வகையில் 65,536 படுக்கை வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை அப்படியே உதிர்ந்துவிட்டன. அவர்களுடன் தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது.

மூன்றிலும் தவறான முடிவு ஒழுங்கான எண்ணாகத்தான் திரையில் நின்றது. #ரெப்! போன்ற ஒரு பிழைச் செய்தி வந்திருந்தால் அன்றே யாராவது நின்று பார்த்திருப்பார்கள்.

அப்படியானால் இப்எரர் வேண்டவே வேண்டாமா?

இப்எரர் 2007 பதிப்பில் வந்தது. அதற்கு நியாயமான பயன்களும் உண்டு. இன்னும் நிரப்பப்படாத வரிசைகளில் பிழைச் செய்தி தெரியாமல் இருக்க அதைப் பயன்படுத்தலாம். என் எதிர்ப்பு, அதைக் கொண்டு 0 காட்டுவதற்குத்தான். பணம் சம்பந்தப்பட்ட கணக்கில் 0 என்பதும் ஒரு விடை. "இவருக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை" என்பது அதன் பொருள். "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ஒன்றுமில்லை" என்று சொல்வது பொய்.

பெயர் கிடைக்காதபோது ஏதாவது காட்டியே ஆக வேண்டும் என்றால், 2013 பதிப்பிலிருந்து கிடைக்கும் இப்என்ஏ பார்முலாவில் "விலை இல்லை" என்ற சொற்களைக் காட்டச் சொல்லுங்கள். இது #என்/ஏ வகைப் பிழையை மட்டுமே மாற்றும், #ரெப்! வந்தால் மறைக்காது. ஆனால் சம் பார்முலா எழுத்துகளைக் கூட்டலில் விட்டுவிடும் என்பதால், ஷீட்டின் மேல் பகுதியில் ஒரு செல்லில் கவுண்ட்இப் மூலம் "விலை இல்லை" எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக் காட்டவும். அது 0 ஆக இருந்தால் மட்டுமே பட்டுவாடா செய்திடவும்.

பிழை வராமல் ஒர்க்புக் அமைக்க

சில பழக்கங்களை ஆரம்பத்திலேயே ஏற்படுத்திக் கொண்டால் பாதிச் சிக்கல் வராது.

கூட்டும்போது =சி2+சி3+சி4 என்று ஒவ்வொரு செல்லாக எழுத வேண்டாம். நடுவில் ஒரு வரிசையை நீக்கினால் உடைந்துவிடும். =சம்(சி2:சி41) என்று எழுதினால், நடுவில் நீக்கினாலும் நுழைத்தாலும் எல்லை தானாகச் சரி செய்யப்படும்.

பட்டியலைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + டி அழுத்தி, அதை எக்செல் டேபிளாக மாற்றிக் கொள்ளவும். கடைசியில் புதிய உறுப்பினரைச் சேர்த்தால் டேபிள் தானாக நீளும். அதைப் பார்க்கும் பார்முலாக்களும் அவரைச் சேர்த்துக் கொள்ளும்.

விலுக்கப்பிற்குப் பதில் இண்டெக்ஸ், மேட்ச் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். புதிய பதிப்பு வைத்திருப்பவர்கள் எக்ஸ்லுக்கப் பயன்படுத்தலாம். இவை விலை இருக்கும் நெட்டு வரிசையையே நேராகச் சுட்டுவதால், நடுவில் வரிசை நுழைத்தாலும் தடம் மாறாது. விலுக்கப்தான் என்றால், கடைசியில் பால்ஸ் போட மறக்க வேண்டாம். போடாவிட்டால், சரியான பெயர் கிடைக்காதபோது கிட்டத்தட்ட உள்ள வேறொன்றின் விலையை எடுத்துக் கொள்ளும்.

வேண்டாத வரிசையை நீக்காதீர்கள். பனிவரகு இந்தப் பருவத்தில் வராவிட்டாலும் அடுத்த பருவத்தில் வரும். கண்ணுக்குத் தெரிய வேண்டாம் என்றால் ஹைட் செய்திடவும். இணைப்புள்ள பைல்கள் அனைத்தையும் ஒரே போல்டரில் வைத்து, போல்டரோடு எடுத்துச் செல்லவும். மாதம் ஒரு காப்பியைத் தேதியிட்டுத் தனியே வைக்கவும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பின் கால்க் வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பழக்கங்கள் பொருந்தும். அதிலும் முகவரி உடைந்தால் #ரெப்! தான் வரும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, கம்ப்யூட்டருக்கு வெளியே ஓர் எண்ணை வைத்துக் கொள்ளுங்கள். தராசுக்கு அருகில் நோட்டில் எழுதிய அன்றைய மொத்த எடையை ஒரு செல்லில் கையால் டைப் செய்திடவும். எக்செல் கூட்டிய மொத்த எடையிலிருந்து அதைக் கழித்துக் காட்ட அடுத்த செல்லில் ஒரு பார்முலா அமைக்கவும். விடை 0 இல்லை என்றால் எங்கோ ஒரு வரிசை விடுபட்டிருக்கிறது. அதே போல, 40 பேருக்கும் பிரித்த வண்டிப் பங்கைக் கூட்டி, 3,000 ரூபாயோடு ஒப்பிடவும். மூன்று உறுப்பினர்களைப் பொறுக்கி எடுத்து, அவர்களின் தொகையைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கவும். பத்து நிமிட வேலை இது. விலை வரிசை மாறிய பிழை, எடையை மட்டும் ஒப்பிட்டால் தெரியாது; கால்குலேட்டரில்தான் சிக்கும்.

யாருக்காக இந்தக் கவனம்?

வீட்டில் உட்கார்ந்து மளிகைச் செலவை எக்செல்லில் எழுதுபவர், தவறினால் தன் கணக்கைத்தான் தவறாக எழுதுகிறார். ஆனால் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரிடம் நாளடைவில் சங்கக் கணக்கு, கோவில் கணக்கு, மகளிர் குழுக் கணக்கு எல்லாம் வந்து சேர்வதைப் பார்க்கிறோம். "தம்பிக்குக் கம்ப்யூட்டர் தெரியும், அவரே போடட்டும்" என்பார்கள். அந்த நாளிலிருந்து அவர் அமைக்கும் பார்முலா மற்றவர்களின் பணத்தைத் தீர்மானிக்கிறது.

பழைய காலத்தில் பேரேட்டில் அடித்துத் திருத்தினால் தடம் தெரியும். படிக்கத் தெரிந்த யாரும் விரல் வைத்துக் கூட்டிப் பார்க்கலாம். எக்செல் தாளில் அந்த வசதி இல்லை. அச்சடித்த தாளில் விடை மட்டுமே இருக்கிறது. விடை வந்த வழி கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. மலைக் கிராமத்திலிருந்து மிளகு மூட்டையோடு வந்து, தொகையை வாங்கிக் கொண்டு கைநாட்டு வைத்துச் செல்லும் ஒரு பெண்மணி அந்தப் பார்முலாவைப் பார்க்கப் போவதில்லை. 720 ரூபாய் குறைந்தது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் சார்பில் அந்தத் தாளைச் சந்தேகிக்க வேண்டியவர், அதைத் தயாரித்த நாம்தான்.

எனவே #ரெப்! வந்தால் எரிச்சல் அடையாதீர்கள். பட்டுவாடாவை ஒரு நாள் தள்ளிப் போடுவதில் தவறில்லை. "கணக்கில் ஒரு பிழை இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்" என்று உறுப்பினர்களிடம் சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். மற்றவர்களுக்காக நீங்கள் வைத்திருக்கும் ஒர்க்புக்கைத் திறந்து, கண்ட்ரோல் + எப் அழுத்தி, இப்எரர் என்று (ஆங்கில எழுத்துகளில்) ஒர்க்புக் முழுவதும் பார்முலாக்களில் தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் அது எதை மறைத்துக் கொண்டிருக்கிறது என்று பாருங்கள். மறைக்க ஒன்றும் இல்லை என்றால் நிம்மதி. இருந்தால், அடுத்த பட்டுவாடாவிற்கு முன் உங்களுக்கு அது தெரிந்துவிட்டது.